காற்றைத் தாங்கியவருக்குப் பலன் உண்டா?

ஒருவர் செய்த செயலின் பலன் இன்னொருவரைச் சென்றடையுமா, அடையுமெனில் செய்தவருக்கு எஞ்சுவது என்ன என்ற கேள்வி இந்திய மெய்யியலில் மிகப் பழையது. வேள்வி, நீத்தார் கடன், தானம் ஆகியவற்றைப் பற்றி எழுந்த வாதங்களிலெல்லாம் அது வெவ்வேறு உருவில் தலைகாட்டுகிறது. களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணன், தான் ஈட்டிய புண்ணியம் அனைத்தையும் அந்தணன் வடிவில் வந்த கண்ணனுக்குத் தாரைவார்த்துக் கொடுப்பதாக வில்லிபுத்தூரார் பாரதம் சித்திரிக்கும் காட்சி தமிழ் மக்கள் நெஞ்சில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதற்கு, கொடையின் பெருமையோடு அந்தக் கேள்வியின் கூர்மையும் ஒரு காரணமாகும். ஏனெனில் அங்கே புண்ணியம் ஈட்டியவனிடமிருந்து பிரித்துக் கைமாற்றத்தக்க ஒன்றாக நிற்கிறது. இதே கேள்வி இன்று மறுக்க முடியாத தெளிவோடு எழும் இடங்களுள் ஒன்று, மெய்யியல் நூல்கள் பெரும்பாலும் எட்டிப்பார்க்காத ஓரிடம்: பிரிட்டனின் சிற்றூர்ச் சாலைகளிலும் மூடிய சுற்றுப்பாதைகளிலும் உள்ளூர்க் கழகங்கள் நடத்தும் அமெச்சூர் சைக்கிள் பந்தயம்.

சாலைப் பந்தயம் என்பது அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு, முடிவுக்கோட்டை முதலில் கடப்பவர் வெல்லும் பந்தயம். ஒரே கழகத்தைச் சேர்ந்த ஐந்தாறு பேர் ஓர் அணியாக அதில் கலந்துகொள்ளலாம். ஆனால் வெற்றி ஒருவருக்கே உரியது, முடிவுப் பட்டியலில் இடங்களும் தனித்தனி ஆட்களுக்கே உரியவை. இப்படி இருந்தும் அணி என்ற ஒன்று பொருளுள்ளதாக இருப்பதற்குக் காரணம் காற்று. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் மிகப் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்பவும் உயர்கின்றன. முன்செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுபவர் இந்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறார். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளோக்கனின் குழு 121 பேர் கொண்ட திரளைக் கணினியிலும் காற்றுச்சுரங்கத்திலும் ஆய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பூட்டுவது: திரளின் நடுவிலும் பின்பகுதியிலும் நன்கு மறைவாக இருப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியே செல்பவர் எதிர்கொள்வதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டுமே.

இந்த இயற்பியலிலிருந்து அறவியல் விளைவு ஒன்று பிறக்கிறது. முன்னே செல்பவர் தம் பின்னால் உண்டாக்கும் நிழலை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இல்லை. தம் அணித்தோழருக்காக அவர் காற்றை ஏற்றால், தோழரின் பின்னால் ஒட்டிவரும் எதிரணிக்காரருக்கும் அந்த நன்மை சென்று சேர்கிறது. கைம்மாறு கருதாத மழை நல்லான் வயலையும் பொல்லான் வயலையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது போலத்தான் இதுவும். எனவே இங்கே ஈகை என்பதை வெறும் விளைவைக் கொண்டு அளக்க இயலாது. நன்மை விளைந்தது என்பதாலேயே அது கொடை ஆகிவிடாது, கொடுக்கும் கருத்து இருந்ததா என்று கேட்டாக வேண்டும். சைக்கிள் பந்தயத்தில் கொடை, திருட்டு, ஒப்பந்தம், கடன் ஆகிய நான்கும் வெளிப்பார்வைக்கு ஒரே தோற்றம் உடையவை: ஒருவர் முன்னே, இன்னொருவர் பின்னே.

இந்தச் சிக்கலை அடியோடு ஒழித்துவிட முயன்ற வரலாறும் பிரிட்டனுக்கு உண்டு. 1894இல் வடக்குப் பெருஞ்சாலையில் நடந்த ஒரு பந்தயத்தில் குதிரை மிரண்டு, வீரர்கள் விழுந்து, காவல்துறை வரை புகார் சென்ற பிறகு, பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதைத் தேசிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம் கைவிடச் செய்தது. அந்த விபத்தில் விழுந்தவர்களுள் ஒருவரான எஃப். டி. பிட்லேக் மாற்று வழி ஒன்றை வகுத்தார். 1895 அக்டோபரில் 50 மைல் தொலைவுக்கு அவர் முன்னின்று நடத்திய பந்தயம், ஒவ்வொருவரும் தனித்தனியே குறித்த இடைவெளியில் புறப்பட்டு, கடிகாரத்தை மட்டுமே எதிரியாகக் கொண்டு ஓட்டும் தனிநேரப் பந்தயமாக அமைந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அந்நாட்டின் சாலையில் அமெச்சூர்கள் அறிந்த பந்தயம் பெரும்பாலும் இதுதான். விடியற்காலையில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புடை அணிந்து, வெளியார் அறியாதபடி குறியெழுத்துகளால் மட்டும் சுட்டப்பட்ட பாதைகளில், ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டுச் சென்றனர். இன்னொருவரின் பின்னால் ஒட்டி ஓட்டுவது விதிமீறலாகக் கருதப்பட்டது, இன்றும் அப்படித்தான்.

தனிநேரப் பந்தயத்தின் மீது அதன் அன்பர்கள் கொண்டிருக்கும் பற்று ஏறக்குறைய சமயப்பற்றை ஒத்தது. அங்கே யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை, உழைத்தவர் தம் உழைப்பின் அளவை நொடிக்கணக்கில் பெற்றுக்கொள்கிறார், பொய்க்கு இடமில்லை என்பது அவர்களது நம்பிக்கை. சாங்கிய மரபு பேசும் கைவல்யத்தை, அதாவது பிறவற்றின் கலப்பெல்லாம் நீங்கி ஆன்மா தன்னந்தனியே தன்னிலையில் நிற்பதை, இது ஒருவகையில் நினைவூட்டுகிறது. ஆயினும் இந்தத் தனிமை முழுமையானதன்று. பிரிட்டனின் தனிநேர வீரர்கள் வேகமான நேரங்களைத் தேடி இருவழிப் பெருஞ்சாலைகளை நாடியதற்கு ஒரு காரணம், அங்கே கடந்து செல்லும் லாரிகளும் கார்களும் கிளப்பும் காற்றோட்டம் அவர்களையும் சேர்த்து இழுத்துச் செல்வதே. காலையின் வெப்பம், காற்றழுத்தம், திரும்பும் இடத்தில் வீசும் காற்றின் திசை ஆகியவையும் தம் பங்கைச் செலுத்துகின்றன. யாரிடமிருந்தும் எதுவும் பெறாத செயல் என ஒன்று உண்டு என்ற எண்ணம், அதற்கெனவே வகுக்கப்பட்ட பந்தயத்திலும் நிலைநிற்கவில்லை.

கூட்டுப் பந்தயம் பிரிட்டனின் சாலைக்குத் திரும்பியது ஒரு கலகத்தால். வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த பெர்சி ஸ்டாலர்ட், போர்க்காலத்தில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்ததைச் சுட்டிக்காட்டி, 1942 ஜூன் 7ஆம் நாள் வேல்ஸின் லாங்கோத்லனிலிருந்து தம் ஊர் வரை 59 மைல் பந்தயம் ஒன்றை நடத்தினார். காவல்துறை எதிர்க்கவில்லை, சங்கமே எதிர்த்தது, அவரை விலக்கியும் வைத்தது. அவரும் அவரோடு நின்றவர்களும் அதே ஆண்டின் இறுதியில் தனிக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். இரு தரப்புக்குமிடையே ஏறத்தாழ 17 ஆண்டுகள் நீடித்த கசப்பு 1959இல் இணைப்பில் முடிந்தது. அந்தப் பூசலை ஆட்சிமன்றச் சண்டையாக மட்டும் படிப்பது போதாது. உழைப்பையும் பலனையும் ஒரே ஆளிடம் கட்டிவைக்கும் பந்தயமா, அவற்றை அவிழ்த்துப் பலரிடையே உலவவிடும் பந்தயமா என்பதும் அதில் அடங்கியிருந்தது.

இன்று அந்நாட்டில் பந்தய உரிமம் பெறும் புதியவர் நான்காம் பிரிவில் சேர்கிறார். முன்னணி இடங்களுக்கு வழங்கப்படும் புள்ளிகளில் 12 சேர்ந்தால் மூன்றாம் பிரிவுக்கும், அங்கே 40 சேர்ந்தால் இரண்டாம் பிரிவுக்கும், பின்னர் 200 சேர்ந்தால் முதற்பிரிவுக்கும் உயர்த்தப்படுகிறார். மேற்கு லண்டனின் ஹில்லிங்டன் சுற்றுப்பாதையிலோ, வார நாள் மாலையில் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவிலோ நடைபெறும் பந்தயங்களைப் பார்ப்பவர் காண்பது மிக எளிய காட்சிதான். பதிவு மேசையில் உரிமத்தைக் காட்டிக் கையெழுத்திட்டு, எண் அச்சிட்ட துணியை வாங்கி, ஒருவர் முதுகில் இன்னொருவர் ஊக்கு குத்திவிடுகிறார். அப்படிக் குத்திக்கொள்பவர்கள் பல வேளைகளில் எதிரெதிர்க் கழகத்தவர்கள். நான்காம் பிரிவில் அணி ஆட்டம் அரிது. ஒவ்வொருவரும் தமக்காகவே ஓட்டுகின்றனர், யாரும் நெடுநேரம் முன்னே நிற்க விரும்புவதில்லை, ஒருவர் பிரிந்து முன்னே பாய்ந்தால் அவருடைய கழகத்தவரே அவரைத் துரத்திப் பிடிக்கும் அவலமும் நேர்கிறது. அணியாக ஓட்டுவது பிறவியில் வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு இது போதிய சான்று.

அதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று பல கழகங்களில் உண்டு. வீரர்கள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து, தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் செல்கின்றனர். ஒரு வரிசை சற்று வேகமாக முன்னேறுகிறது, மற்றது சற்று மெதுவாகப் பின்வாங்குகிறது. முன்னேறும் வரிசையின் தலைவரானவர் சில நொடிகள் மட்டும் காற்றை ஏற்று, பக்கத்து வரிசையின் முன்னால் நகர்ந்து, மிதியைச் சிறிது தளர்த்துகிறார். அவருக்குப் பின்னிருந்தவர் தலைவராகிறார். பின்வாங்கும் வரிசையின் கடைசி ஆள் தாமே கடைசி என்று குரல் கொடுக்க, அவருக்கு முன்னிருப்பவர் மீண்டும் வேகமான வரிசைக்கு மாற ஆயத்தமாகிறார். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, தம் முறை வந்ததும் ஆர்வத்தால் வேகத்தைக் கூட்டிவிடுவது. அப்படிக் கூட்டியதும் பின்னால் இடைவெளி விழுந்து, நிழல் கிழிந்து, வரிசையே குலைகிறது. பழகியவர்கள் உடனே சத்தமிட்டு அதட்டுவார்கள். தம் வலிமையைக் காட்ட விரும்பும் ஆசையும், குழுவுக்குத் தேவையான அளவுக்கு மேல் வலிமை காட்டாதிருக்கும் அடக்கமும் ஒரே உடலுக்குள் மோதும் இடம் இது. வலிமை குறைந்தவரைவிட வலிமை மிகுந்தவருக்கே இங்கே பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது கவனத்துக்குரியது.

இனி, வரிசையின் சமத்துவம் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் நிலைப்பதில்லை. யாரேனும் ஒருவரை வெல்ல வைக்க வேண்டுமெனில் மற்றவர்கள் தம் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, கடைசி மைல்களில் காற்றை ஏற்று, வலுவிழந்து, திரளின் பின்னால் சென்று மறைய வேண்டும். உழைத்தவர் ஒருவர், வென்றவர் வேறொருவர் என்ற நிலை இங்கேதான் முழு உருக்கொள்கிறது. இதை ஆராய்வதற்கு மீமாம்சை, அதாவது வேதச் சடங்குகளின் பொருளையும் கட்டுப்பாட்டையும் ஆராயும் தரிசனம், தயாரித்து வைத்திருக்கும் கருவிகள் மிகப் பொருத்தமானவை. வேள்வியைத் தொடங்கி நடத்துவிப்பவர் யஜமானர். மந்திரம் ஓதியும் அவி சொரிந்தும் சடங்கைச் செய்து முடிப்பவர்கள் ரித்விக்குகள் எனப்படும் புரோகிதர்கள். சோம வேள்வியில் ரித்விக்குகள் 16 பேர். செயலின் பலன் செய்தவருக்கே என்ற விதியை ஏற்றுக்கொண்ட ஜைமினி, உழைத்தவர்கள் ரித்விக்குகளாக இருக்க, பலன் யஜமானருக்குப் போவது எப்படி என்ற தடையை எதிர்கொள்கிறார். மீமாம்சகர் தரும் விடை: தட்சிணை கொடுத்து அவர்களுடைய உழைப்பை யஜமானர் பெற்றுக்கொண்டுவிட்டார், ஆகவே அவர்கள் கையால் நடந்ததும் அவர் செயலே, அவர் தாமே செய்தாக வேண்டியது, அவிப்பொருளின் மீதுள்ள உரிமையைத் துறக்கும் செயல்.

தொழில்முறைப் பந்தயத்தில் துணை வீரரின் நிலை இதுவேயாகும். அவர் சம்பளம் பெறுகிறார், தலைவருக்காகக் காற்றை ஏற்கிறார், தண்ணீர்ப் போத்தல் சுமந்து வருகிறார், பலன் தலைவருக்குப் போகிறது. பிரெஞ்சுப் பெருஞ்சுற்றுப் பந்தயமான தூர் தெ பிரான்ஸை நிறுவிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு இது சகிக்க முடியாததாக இருந்தது. 1911இல் மோரிஸ் புரொக்கோ என்ற வீரர் பணத்துக்காக பிரான்சுவா ஃபாபருக்கு உதவினார் என்று குற்றம் சாட்டி, அவரை வீட்டு வேலைக்காரர் என இழித்துரைத்துப் பந்தயத்திலிருந்தும் நீக்கினார். காலம் தெக்ராஞ்சைத் தோற்கடித்தது. 1934இல், 20 வயதே ஆன ரெனே வியெத்தோ, தம் பிரெஞ்சு அணியின் தலைவர் ஆந்தொனின் மாஞ்ஞுக்குத் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் அமர்ந்து அழுத படம் நாடெங்கும் பரவியது. மாஞ் அந்தப் பந்தயத்தை வென்றார்; மக்களின் அன்பை வென்றவர் வியெத்தோ. அழுகை இருந்ததால் அது துறவு ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. துறக்கப்படுவது விலைமதிப்புள்ளது என்பதற்கு அந்த அழுகையே சான்று என்று கொள்வதுதான் நேர்மையான வாசிப்பு.

ஆனால் உள்ளூர் அமெச்சூர் வீரருக்குத் தட்சிணை இல்லை. அவர் நுழைவுக் கட்டணத்தையும் உரிமக் கட்டணத்தையும் தம் பையிலிருந்து கொடுத்துவிட்டு, விடியும் முன் எழுந்து வந்து, தோழர் வெல்வதற்காகத் தம் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். மீமாம்சையின் வகைப்பாட்டில் அவர் எங்கே நிற்கிறார்? கூலி பெறாததால் அவர் ரித்விக் அல்லர். பலன் பெயரளவிலும் அவருக்கு வராததால் யஜமானரும் அல்லர். இந்த இடைவெளியை நிரப்பக் கீதையின் கருமயோகத்தை உடனே அழைத்துவருவது எவருக்கும் எளிது. அந்த எளிமையே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இராமானுசர் கீதை உரையில் தியாகத்தை மூன்றாகப் பகுக்கிறார்: பலன் எனக்குரியது என்ற எண்ணத்தை விடுதல், செயல் என்னுடையது என்ற எண்ணத்தை விடுதல், செய்பவன் நானே என்ற எண்ணத்தை விட்டு அதை இறைவனிடம் வைத்தல். அணித்தோழருக்காக உழைப்பவர் முதலாவதை ஓரளவு நிறைவேற்றுகிறார். இரண்டாவதும் மூன்றாவதும் அவரிடம் இருப்பதாகச் சொல்வது மிகை. தாமே அந்தக் கடைசிச் சுற்றில் வேகத்தைப் பிடித்து இழுத்தோம் என்பதை அவர் நன்கு அறிவார், தேநீர் வேளையில் பிறரும் அதை அறிய வேண்டுமென விரும்புவார். அந்த விருப்பத்தை இழிவாகக் கருதத் தேவையில்லை. பலனையும் அவர் முற்றாகத் துறக்கவில்லை. தம் கழகம் வெல்ல வேண்டும் என்ற வேட்கை அவரிடம் கொழுந்துவிட்டு எரிகிறது. எனவே கருமயோகி என்று அவரை அழைப்பது அவருக்கும் நீதியன்று, கீதைக்கும் நீதியன்று.

பொருத்தமான விடை மீமாம்சைக்குள்ளேயே, அதிகம் பேசப்படாத ஒரு மூலையில் இருக்கிறது. ஸத்ரம் என்பது 12 நாளோ அதற்கு மேலோ நீளும் சோம வேள்வி. அதில் பங்குகொள்வோர் குறைந்தது 17 பேர், மிகுந்தால் 24 பேர். அதன் சிறப்பு, ரித்விக் வேறு யஜமானர் வேறு என்ற பிரிவினை அங்கே இல்லாமற் போவது. சடங்கைச் செய்பவர் அனைவரும் யஜமானர்களே, ஆகவே கொடுப்பவரும் பெறுபவரும் என்ற நிலை அற்றுப்போய்த் தட்சிணையும் நின்றுவிடுகிறது. ஒருவர் கிருகபதி என்ற பெயரில் தலைமை வகிக்கிறார், ஆயினும் தலைமை அவருக்கு மிகுதிப் பலன் எதையும் தருவதில்லை. இங்கே எழும் நுட்பமான கேள்வியை ஜைமினி தம் சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறார்: பலர் சேர்ந்து செய்த ஒரே வேள்வியின் பலன் அவர்களிடையே துண்டு துண்டாகப் பிரிக்கப்படுமா, ஒவ்வொருவருக்கும் முழுமையாகக் கிட்டுமா? ஒவ்வொருவருக்கும் முழுப்பலன் என்பதே மீமாம்சகரின் முடிவு. பணமும் நிலமும் பங்கிட்டால் குறைபவை. ஸத்ரத்தின் பலன் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று என்ற துணிவு அந்த முடிவுக்கு அடியில் இருக்கிறது.

நல்ல அமெச்சூர் அணி ஒரு ஸத்ரம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. கோட்டைக் கடப்பவர் அங்கே கிருகபதி மட்டுமே. கடைசி மைல்களில் காற்றை ஏற்று வலுவிழந்து, 38ஆம் இடத்தில் வந்து சேர்ந்தவர் தோழரின் வெற்றியை அறிந்ததும் அடையும் மகிழ்ச்சி, வென்றவரின் மகிழ்ச்சியிலிருந்து வெட்டித்தரப்பட்ட ஒரு துண்டன்று. அது முழு மகிழ்ச்சி, அதனால் வென்றவருக்கு எதுவும் குறைவதில்லை. இதை உணர்ச்சிப் பேச்சாகத் தள்ளிவிட முடியாது. சம்பளத்துக்காக உழைத்தவரும் மகிழலாம், ஆனால் அவர் மகிழாவிட்டாலும் கணக்கு நேராகிவிட்டது. அமெச்சூரின் விஷயத்தில் அந்த மகிழ்ச்சி இல்லையெனில் அவர் உழைப்புக்குப் பொருளே இல்லாமற் போகிறது. ஆகவே தொழில்முறைப் பந்தயத்தைவிட உள்ளூர்ப் பந்தயமே இந்தக் கேள்விக்குத் தூய்மையான சோதனைக்களம்.

ஸத்ரம் ஸத்ரமாக நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அனைவரும் உண்மையிலேயே யஜமானர்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் அணிகள் தவறும் இடம் இதுவே. வேகமாக முடிக்கும் திறன் படைத்த ஒருவர் ஆண்டு முழுவதும் தலைவராக இருக்க, ஏறத்தாழ அவருக்கு ஈடான வலிமை உடைய இன்னொருவர் ஆண்டு முழுவதும் காற்றை ஏற்பவராகவே வைக்கப்படும்போது, பின்னவர் கூலியில்லாத ரித்விக்காகத் தாழ்கிறார். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, அவரைக் குறிக்கோளாகவும் கருத வேண்டும் என்று 1785இல் இம்மானுவேல் கான்ட் வகுத்த நெறி நினைவுக்கு வரவேண்டிய இடம் இது. புள்ளி முறை இந்தக் கேட்டைக் கூர்மையாக்குகிறது. உயர்வுக்கு வேண்டிய 12 புள்ளிகளும் 40 புள்ளிகளும் முடிவிடத்தை மட்டுமே பார்த்து வழங்கப்படுவதால், உதவியவர் அதே பிரிவில் தங்க, உதவி பெற்றவர் மேலே செல்கிறார். ஓராண்டு கழித்து இருவரும் ஒரே பந்தயத்தில் ஓட்டுவதற்கே தகுதி இல்லாமற் போகலாம். தம் சக்கரத்தின் பின்னால் தோழரை வைத்து அழைத்துச் சென்றவர், அந்த அழைப்பாலேயே அவரை இழக்கிறார். இதைக் கொடையின் இயல்பு என்று ஏற்றுக்கொள்வோரும் உண்டு. ஆனால் அமைப்பு தன் விதிகளால் ஒருவரின் கொடையை இவ்வளவு செலவுள்ளதாக ஆக்கிவிட்டு அவருடைய தியாகத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

செயலின்மையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியது உண்டு. அணியைச் சேர்ந்த ஒருவர் திரளிலிருந்து பிரிந்து முன்னே சென்றுவிட்டால், திரளில் எஞ்சியுள்ள அவர் தோழர்களின் கடமை எதுவும் செய்யாதிருப்பதே. துரத்துபவர்களின் வரிசையில் இடம்பிடித்து, தம் முறை வந்ததும் முன்னேறாமல், வேகம் தானாகத் தளர விட்டுவிடுகின்றனர். செயலின்மையில் செயலைக் காண்பது பற்றிக் கீதையின் நான்காம் அத்தியாயம் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான புறச்சான்று கிடைப்பது அரிது. மிதிக்காத அந்தக் கால்கள் அரை மைல் முன்னே ஒருவரைக் காக்கின்றன. எனினும் எல்லை ஒன்று உண்டு. முறையை விட்டுக்கொடுப்பது விளையாட்டின் பகுதி, பிறர் வழியில் சக்கரத்தைத் திருப்பி இடைமறிப்பது ஆபத்தும் குற்றமும் ஆகும். உள்ளூர்ப் பந்தயத்தில் இந்த எல்லையைக் காப்பது விதிநூலைவிட நினைவாற்றலே. அதே 50, 60 முகங்கள் வாரந்தோறும் சந்திக்கின்றன. இன்று பிரிந்த குழுவில் உழைக்காமல் ஒட்டிவந்து கடைசியில் பாய்ந்து வென்றவருக்கு, அடுத்த வாரம் யாரும் காற்றை ஏற்கப் போவதில்லை. ஒருமுறைச் சந்திப்பில் ஏமாற்றுவது லாபமாகவும், தொடர் சந்திப்பில் ஒத்துழைப்பது லாபமாகவும் அமைவதை ராபர்ட் ஆக்ஸல்ராட் 1984இல் வெளியிட்ட நூலில் கணக்காகவே காட்டினார். ஆயினும் பந்தய வீரர்களின் ஒழுக்கத்தைக் கணக்காக மட்டும் சுருக்கிவிட இயலாது; இனி எப்போதும் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்தவருக்கும் நியாயமான முறையைக் கொடுத்துச் செல்வோர் ஒவ்வொரு திரளிலும் இருக்கின்றனர்.

திரளுக்கு வெளியிலும் இந்த வேள்வி நீள்கிறது. பொதுச்சாலையில் நடக்கும் பந்தயத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தன்னார்வலர் ஒளிரும் மேலாடை அணிந்து, கையில் கொடியோடு நிற்கிறார். அவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கழகத்தின் உறுப்பினர், பல வேளைகளில் அவரும் ஒரு பந்தய வீரர். மழையிலும் குளிரிலும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் அவர் பந்தயத்தைக் காண்பது ஒவ்வொரு சுற்றுக்கும் சில நொடிகள் மட்டுமே. முன்னோடிக் காரும், சங்கிலிகளின் இரைச்சலும், சக்கரங்கள் வாரியிறைக்கும் நீர்த்தூறலும் கடந்து போனபின், அவர் முன்னால் எஞ்சுவது ஈரமான வெற்றுச் சாலையும், நிறுத்தப்பட்டதால் எரிச்சலுற்ற ஒரு காரோட்டியும்தான். வென்றவர் யாரென்பதைக் கிராம மண்டபத்துக்குத் திரும்பிய பின்பே அவர் கேட்டறிகிறார். அவருக்கு யாருடைய வெற்றியிலும் பங்கில்லை. பந்தயம் நடந்தது என்பதே அவர் செயலின் முழுப்பயன். இராமானுசர் சொன்ன மூன்று தியாகங்களுக்கும் மிக அருகில் வருபவர் இந்தப் பந்தய உலகில் யார் என்று கேட்டால், காற்றைத் தாங்கிய துணை வீரரைவிட, முனையில் கொடி பிடித்த இவரையே சுட்ட வேண்டும்.

முடிவுப் பட்டியலில் இடம், பெயர், கழகம், புள்ளி ஆகியவை மட்டுமே பதிவாகின்றன. அதை மாற்றுவது ஆட்சியமைப்பின் வேலை, அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கழகமும் தனக்கென வைத்திருக்கும் பந்தயக் குறிப்பேட்டில், வென்றவர் பெயருக்குக் கீழே, அந்த நாளில் காற்றை ஏற்றவர்கள் யார் யார், சந்திப்புகளில் நின்றவர்கள் யார் யார் என்று எழுதிவைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது தலைமையை மாற்றிக்கொடுப்பதற்கும் அனுமதி வேண்டியதில்லை. கழகச் செயலாளர்கள் இந்த இரண்டையும் வரும் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.